தண்ணீர் அட்டவணை பார்த்துப் புறப்படுங்கள்
மாத்தாங் சதுப்புநிலக் காட்டுக்கு ஒரு கல்விச் சுற்றுலா



பள்ளி விடுமுறை நெருங்கினால் அறிவியல் கழக மாணவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "டீச்சர், இந்த வருஷம் எங்க போறோம்?" என்பதுதான். பீடோரில் இருக்கும் நமக்கு மலை தெரியும், ஆறு தெரியும், செம்பனைத் தோட்டம் தெரியும். ஊரைக் கடந்து ஓடும் ஆறு கடைசியில் மலாக்கா நீரிணையில்தான் போய்ச் சேருகிறது. ஆனால் அந்த நீர் கடலைத் தொடும் இடத்தைப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

அப்படிப்பட்ட ஓர் இடத்துக்குப் போவதற்குத் திட்டமிடுவது எப்படி என்பதே இந்த வாரப் பாடம். நாம் போகப்போவது பேராக்கின் கடலோரத்தில் உள்ள மாத்தாங் சதுப்புநிலக் காடு. நுழைவாயில், தைப்பிங்கை அடுத்த கோலா செப்பேத்தாங்.

திட்டமிடுவதில் என்ன அறிவியல் இருக்கிறது என்று நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அதனால் முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன்.

நான் செய்த தவறு

சில ஆண்டுகளுக்கு முன் 32 மாணவர்களை அங்கே அழைத்துச் சென்றேன். பேருந்து ஏற்பாடு செய்தேன். பெற்றோரின் சம்மதக் கடிதம், சாப்பாடு, மருந்துப் பெட்டி எல்லாம் சரியாக இருந்தன. பௌர்ணமிக்கு மறுநாள் சனிக்கிழமை. வழியில் இரண்டு இடங்களில் நின்றுவிட்டு, நண்பகல் தாண்டிக் காட்டுக்குள் போனோம்.

பலகை நடைபாதையின் இருபுறமும் தண்ணீர். மரங்கள் பழுப்பு நிற நீரில் முழங்கால் அளவு மூழ்கி நின்றன. சுவாச வேர்கள் கண்ணில் படவில்லை. நண்டு இல்லை, சேற்றில் தாவும் மீன் இல்லை. பயிற்சித் தாளில் நான் எழுதிக் கொடுத்திருந்த பத்துக் கேள்விகளில் எட்டுக்கு அங்கே விடையே இல்லை.

படிவம் இரண்டு மாணவி ஒருத்தி தாளைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "டீச்சர், சேறு எங்க?" என்று கேட்டாள். அந்தப் பயணத்துக்கு அவள் அம்மா கொடுத்தனுப்பிய பணம் முழுவதும் ஒரு வெள்ளி நோட்டுகள். மடித்து மடித்துச் சேர்த்து வைத்தவை. அவளுக்கு நான் அன்று காட்டியது வெறும் தண்ணீர்.

மாலையில் படகில் ஏறினோம். அதற்குள் நீர் வேகமாக வற்றத் தொடங்கிவிட்டது. திரும்பும் வழியில் படகின் அடிப்பகுதி சேற்றுத் திட்டில் தட்டி நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் படகோட்டி இறங்கித் தள்ளி, படகு நகரும் வரை 32 பிள்ளைகளின் முகங்களையும் நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். கரைக்கு வந்ததும் அவர் மெதுவாகக் கேட்டார்: "சிக்கு தா தெங்ஙோக் ஜாடுவால் ஆயர் கெ?" ஆசிரியர் தண்ணீர் அட்டவணையைப் பார்க்கவில்லையா என்று பொருள்.

பார்க்கவில்லை. பேருந்து புறப்படும் நேரம் பார்த்தேன். கடல் புறப்படும் நேரம் பார்க்கவில்லை.

கடல் ஏன் ஏறி இறங்குகிறது?

கடல் மட்டம் நாள்தோறும் உயர்வதையும் தாழ்வதையும் ஓதம் என்கிறோம். மலாயில் பாசாங் சூருட். பேச்சு வழக்கில் ஏற்றம், வற்றம் என்று சொல்வோம். அலை வேறு, ஓதம் வேறு. அலை பெரும்பாலும் காற்றால் எழுவது. ஓதம் நிலவும் சூரியனும் இழுப்பதால் ஏற்படுவது.

நிலவின் ஈர்ப்பு, பூமியில் தனக்கு அருகில் உள்ள பக்கத்தைச் சற்று அதிகமாகவும் தூரத்தில் உள்ள பக்கத்தைச் சற்றுக் குறைவாகவும் இழுக்கிறது. இந்த வேறுபாட்டால் கடல் நீர் இரு பக்கங்களிலும் சற்றுப் புடைத்து நிற்கிறது. பூமி சுழலும்போது நாம் இரண்டு புடைப்புகளையும் கடக்கிறோம். அதனால்தான் நம் மேற்குக் கரையில் நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். கடலின் ஆழத்தையும் கரையின் அமைப்பையும் பொறுத்து இது இடத்துக்கு இடம் மாறும். கிழக்குக் கரையில் சில இடங்களில் நாளுக்கு ஓர் ஏற்றம்தான் தெளிவாகத் தெரியும்.

பூமி ஒரு சுற்றுச் சுற்றி முடிப்பதற்குள் நிலவும் தன் பாதையில் சற்று நகர்ந்துவிடுகிறது. அதை எட்டிப்பிடிக்கப் பூமிக்கு இன்னும் ஏறக்குறைய 50 நிமிடம் தேவைப்படுகிறது. எனவே இன்று பிற்பகல் 3.20க்கு ஏற்றம் என்றால் நாளை அது 4.10 அளவில் வரும்.

இதிலிருந்து ஒரு முக்கியமான முடிவு கிடைக்கிறது. ஒரு வாரத்துக்கு 7 நாள். 7ஐ 50ஆல் பெருக்கினால் 350 நிமிடம். அதாவது 5 மணி 50 நிமிடம். வற்றத்துக்கும் ஏற்றத்துக்கும் இடைப்பட்ட நேரமும் ஏறத்தாழ 6 மணிதான். ஆக, இந்தச் சனிக்கிழமை காலையில் நீர் வற்றியிருந்தால், அடுத்த சனிக்கிழமை அதே நேரத்தில் நீர் ஏறியிருக்கும். "போன வாரம் போனவர்கள் நன்றாகப் பார்த்தார்களாம், நாமும் அதே நேரத்துக்குப் போகலாம்" என்று கிளம்பினால், அவர்கள் பார்த்ததற்கு நேர் எதிரானதைத்தான் பார்ப்போம்.

அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியன், பூமி, நிலவு மூன்றும் ஏறக்குறைய ஒரே கோட்டில் நிற்கும். சூரியனின் இழுப்பும் நிலவின் இழுப்போடு சேர்ந்துகொள்ளும். அந்த நாள்களை ஒட்டி ஏற்றம் மிக உயரமாகவும் வற்றம் மிகத் தாழ்வாகவும் இருக்கும். இதைப் பெரும் ஓதம் என்போம். அரை நிலவு நாள்களில் இரண்டு இழுப்புகளும் செங்கோணத்தில் அமைவதால் வேறுபாடு குறையும். இது சிறு ஓதம். நாங்கள் பௌர்ணமிக்கு மறுநாள், அதுவும் ஏற்றத்தின் உச்சியில் போய் நின்றோம். தவறு எங்கே என்று இப்போது உங்களுக்கே புரியும்.

அட்டவணையை வாசிப்போம்

ஓத அட்டவணையை அரச மலேசியக் கடற்படையின் தேசிய நீர்நிலையியல் மையமும், நில அளவை, வரைபடத் துறையான ஜூபெமும் ஆண்டுதோறும் வெளியிடுகின்றன. பேராக் கரைக்கு லூமுட் துறைமுகத்தின் கணக்கு இருக்கிறது. கோலா செப்பேத்தாங் ஆற்றின் உள்ளே இருப்பதால் நேரம் கொஞ்சம் வேறுபடும். அதனால் அட்டவணையைப் பார்த்த பிறகு அங்குள்ள படகோட்டியிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. அவர் தினமும் அந்த நீரோடு வாழ்பவர்.

பயிற்சிக்காக நான் எழுதிய ஒரு மாதிரி நாள் இதோ:

வற்றம்: காலை 9.10, உயரம் 0.4 மீட்டர்
ஏற்றம்: பிற்பகல் 3.20, உயரம் 2.8 மீட்டர்

வேறுபாடு 2.4 மீட்டர். ஓர் ஆள் தலைக்கு மேல் கை தூக்கி நின்றால் வரும் உயரத்துக்கும் அதிகம். இந்த 2.4 மீட்டரும் ஒரே வேகத்தில் ஏறாது. மாலுமிகள் பயன்படுத்தும் எளிய கணக்கு ஒன்று உண்டு. மொத்த வேறுபாட்டை 12 பங்காகப் பிரியுங்கள். முதல் மணி நேரத்தில் 1 பங்கு ஏறும், இரண்டாவதில் 2, மூன்றாவதில் 3, நான்காவதில் 3, ஐந்தாவதில் 2, ஆறாவதில் 1. கூட்டினால் 12.

நம் கணக்கில் ஒரு பங்கு 0.2 மீட்டர். எனவே நீர்மட்டம் ஏறத்தாழ இப்படி அமையும்:

காலை 9.10 — 0.4 மீட்டர்
10.10 — 0.6 மீட்டர்
11.10 — 1.0 மீட்டர்
நண்பகல் 12.10 — 1.6 மீட்டர்
1.10 — 2.2 மீட்டர்
2.10 — 2.6 மீட்டர்
3.10 — 2.8 மீட்டர்

நடுவில் உள்ள இரண்டு மணி நேரத்தைக் கவனியுங்கள். 11.10க்கும் 1.10க்கும் இடையில் மட்டும் 1.2 மீட்டர் ஏறிவிடுகிறது. மொத்த ஏற்றத்தில் பாதி! கரையோரச் சேற்றில் நடப்பவர்கள் ஏமாறுவது இந்த நேரத்தில்தான்.

இப்போது நாளைப் பிரிப்போம். சேற்றையும் வேர்களையும் உயிரினங்களையும் பார்க்க 9.15 முதல் 11 மணி வரை சிறந்த நேரம். படகுப் பயணத்துக்கு ஆழம் வேண்டும். 2 மணிக்கு மேல் சரி. இன்னொரு காரணமும் உண்டு. நீர் ஏறும் வேளையில் படகு தரை தட்டினால், சற்று நேரத்தில் நீரே அதைத் தூக்கிவிடும். நீர் இறங்கும் வேளையில் தட்டினால் ஒவ்வொரு நிமிடமும் நிலைமை மோசமாகும். ஏறும் நீரில் போங்கள் என்று படகோட்டிகள் சொல்வது இதனால்தான்.

பூங்காவா, காப்பு வனமா?

நாம் போகும் இடம் எந்த வகையைச் சேர்ந்தது என்பதையும் தெரிந்துகொண்டு போக வேண்டும். பேராக்கின் வடக்கே உள்ள ராயல் பெலும் ஒரு மாநிலப் பூங்கா. பரப்பு 117,500 ஹெக்டேர். அங்கே மரம் வெட்ட முடியாது. பினாங்குத் தீவின் கடலோரக் காடு 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. மாத்தாங் இந்த இரண்டு வகையிலும் சேராது. அது மாநில வனத்துறை நிர்வகிக்கும் நிரந்தரக் காப்பு வனம். பரப்பு ஏறக்குறைய 40,000 ஹெக்டேர். அங்கே திட்டமிட்டு மரம் வெட்டுகிறார்கள்.

"காப்பு வனம் என்கிறீர்கள், வெட்டுகிறார்கள் என்கிறீர்கள், அது எப்படி டீச்சர்?" என்று கேட்கத் தோன்றும். நல்ல கேள்வி. உங்கள் தாத்தா பாட்டி தோட்டப்புறத்தில் பால்மரம் வெட்டியிருந்தால் அவர்களிடம் கேளுங்கள். பால்மரம் ஏறக்குறைய 25, 30 ஆண்டு ஆனதும் அந்தப் பகுதியை அழித்து மறுநடவு செய்வார்கள். ஒரே நாளில் தோட்டம் முழுவதையும் அழிக்கமாட்டார்கள். பகுதி பகுதியாகச் செய்வார்கள்.

மாத்தாங்கிலும் சுழற்சி 30 ஆண்டு. மரங்களுக்கு 15 வயது ஆகும்போது ஒருமுறையும் 20 வயது ஆகும்போது ஒருமுறையும் களைப்பு செய்கிறார்கள். கையில் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு, நிற்க வேண்டிய மரத்தைச் சுற்றி அந்தக் குச்சியின் நீளத்துக்குள் இருக்கும் மற்ற மரங்களை எடுத்துவிடுவார்கள். முதல் முறை குச்சியின் நீளம் 1.2 மீட்டர், இரண்டாம் முறை 1.8 மீட்டர். எடுத்த கம்புகள் கட்டட வேலைக்குப் போகும். மிஞ்சிய மரங்களுக்கு வெளிச்சமும் இடமும் கிடைக்கும். 30ஆம் ஆண்டில் முழு வெட்டு. பிறகு தானாக முளைக்காத இடங்களில் நாற்று நடுவார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மொத்தப் பரப்பில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு உற்பத்திக்கு என்று வைத்துக்கொண்டால் அது சுமார் 30,000 ஹெக்டேர். 30 ஆண்டால் வகுத்தால் ஆண்டுக்குச் சுமார் 1,000 ஹெக்டேர். மீதிப் பகுதிகள் அந்த நேரத்தில் ஒரு வயது முதல் 29 வயது வரை வெவ்வேறு பருவத்தில் வளர்ந்துகொண்டிருக்கும். இந்த முறையான நிர்வாகம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆரம்பமாகிவிட்டது. நூறு ஆண்டுகளுக்கு மேல் வெட்டியும் காடு காடாக இருக்கிறது.

அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். ஒரே இன மரத்தை வளர்க்கும் பகுதியில் இயற்கைக் காட்டின் பல்வகைமை குறையும். முதிர்ந்த மரங்களின் பொந்தை நம்பி வாழும் பறவைகளுக்கு இடம் குறையும். சுற்றுலா முடிந்து வந்து நீங்கள் எழுதும் அறிக்கையில் இரண்டு பக்கத்தையும் எழுதுங்கள்.

நடைபாதையில் என்ன பார்ப்பது?

கோலா செப்பேத்தாங்கில் வனத்துறை அலுவலகத்தை ஒட்டிச் சதுப்புநிலக் கல்வி மையமும் பலகை நடைபாதையும் இருக்கின்றன. பலகையை விட்டு இறங்காமலே கீழ்க்கண்டவற்றைப் பார்க்கலாம்.

சேற்றின் நிறமும் மணமும். சேறு கறுப்பாக இருக்கும். அழுகிய முட்டை நாற்றம் வரும். சேற்றுக்குள் ஆக்சிஜன் இல்லை. அங்கே வாழும் பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்குப் பதிலாகக் கடல் நீரில் உள்ள சல்பேட்டைப் பயன்படுத்தி ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை வெளிவிடுகின்றன. அது இரும்போடு சேர்ந்து கறுப்பு நிறம் தருகிறது. மூக்கைப் பொத்துவதற்கு முன் இதை ஒரு வரி குறித்துக்கொள்ளுங்கள்.

வேர்கள். பாக்காவ் மினியாக் மரத்தின் வேர்கள் தண்டிலிருந்து வளைந்து இறங்கிச் சேற்றில் ஊன்றி நிற்கும். இவை முட்டு வேர்கள். தமிழ்நாட்டில் இந்த இனத்து மரங்களைச் சுரபுன்னை என்பார்கள். பிச்சாவரத்துக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள். அப்பி-அப்பி மரத்தைச் சுற்றிப் பென்சில் நட்டது போல் நூற்றுக்கணக்கான சுவாச வேர்கள் மேல்நோக்கி நிற்கும். இவ்வேர்களின் பட்டையில் உள்ள நுண்துளைகள் வழியாகக் காற்று உள்ளே போகும். நீர் வற்றியிருக்கும் வேளையில்தான் மரம் வேர் வழியாக மூச்சு விடுகிறது. நீங்கள் பார்க்கப்போகும் நேரமும் அதுதான்.

இலைகள். கடல் நீரில் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு. நம் கொய்யா மரத்துக்கு அதை ஊற்றினால் வாடிவிடும். பாக்காவ் மரம் பெரும்பாலான உப்பை வேரிலேயே தடுத்துவிடுகிறது. அப்பி-அப்பி உப்பை உள்ளே விட்டு, இலையின் சுரப்பிகள் வழியாக வெளியே தள்ளுகிறது. வெயில் நாளில் அதன் இலை மேல் உப்புப் படிகங்கள் மினுங்கும். ஒரே சிக்கலுக்கு இரண்டு மரங்கள் இரண்டு வழி கண்டிருக்கின்றன.

நாற்றுகள். பாக்காவின் விதை தாய் மரத்தில் தொங்கும்போதே முளைத்துவிடும். பச்சை முருங்கைக்காய் போல் தொங்குவது காய் அல்ல, நாற்று. விழுந்தால் சேற்றில் குத்தி நிற்கும்; இல்லையென்றால் மிதந்து போய் வேறிடத்தில் வேர் பிடிக்கும்.

உயிரினங்கள். மலாயில் பெலாச்சாக் எனப்படும் சேற்று மீன், நீருக்கு வெளியே துடுப்பை ஊன்றித் தத்தித் தத்திப் போகும். ஒரு கை மட்டும் பெரிதாக உள்ள நண்டைக் கண்டால் அது ஆண். அந்தக் கையை ஆட்டிப் பெண் நண்டை அழைக்கும். மேலே செம்பருந்து வட்டமிடும். குரங்குகளும் வரும், தீனி போடாதீர்கள்.

படிவம் நான்கு, ஐந்தில் உயிரியல் எடுப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. பாடநூல் படத்தில் கடலோரம் அப்பி-அப்பி, நடுவில் பாக்காவ், உள்ளே தூமு என்று மூன்று வரிசையாக மரங்கள் நிற்கும். நேரில் அவ்வளவு ஒழுங்காக இருக்காது. மனிதர் நட்டு வெட்டும் காட்டில் பாக்காவே அதிகம். மேலும், எந்த மரம் எங்கே வளரும் என்பதை அந்த இடம் மாதத்தில் எத்தனை முறை நீரில் மூழ்குகிறது என்பது பெரிதும் தீர்மானிக்கிறது. மலாயாவின் சதுப்புநிலக் காடுகளை ஆராய்ந்த வன அதிகாரி வாட்சன் 1928இல் வெளியிட்ட நூலில், நீர் ஏறும் எண்ணிக்கையைக் கொண்டே நிலத்தை வகைப்படுத்தினார். ஆக, மரங்களும் தண்ணீர் அட்டவணையைப் பார்த்துத்தான் இடம் பிடிக்கின்றன.

கரிச் சூளை

நீர் ஏறும்வரை கிடைக்கும் நேரத்தில் கரிச் சூளைக்குப் போகலாம். செங்கல்லும் களிமண்ணும் கொண்டு கட்டிய, கவிழ்த்த கிண்ணம் போன்ற பெரிய சூளைகள். ஒரு சூளைக்குள் ஏறக்குறைய 40 டன் பச்சை மரம் அடுக்குவார்கள். வாயிலில் மூட்டும் தீயின் வெப்பம் உள்ளே பரவும். ஆனால் உள்ளே காற்று மிகக் குறைவு. அதனால் மரம் எரிந்து சாம்பலாகாமல், வெப்பத்தால் சிதைந்து கரியாகிறது. பிறகு வாயை அடைத்து ஆறவிடுவார்கள். ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து வெளியே எடுத்தால் சுமார் 10 டன் கரி கிடைக்கும். அனுபவமுள்ள தொழிலாளி புகையின் மணத்தையும் நிறத்தையும் கொண்டே உள்ளே எந்தக் கட்டம் நடக்கிறது என்று சொல்லிவிடுவார். இந்தக் கரியில் பெரும்பகுதி ஜப்பானுக்கு ஏற்றுமதியாகிறது.

வெளியே வந்தால் பழைய ரயில் நிலையத்தின் பெயர்ப் பலகையைத் தேடிப் பாருங்கள். இந்த ஊரின் பழைய பெயர் போர்ட் வெல்ட். மலாயாவின் முதல் ரயில் பாதை 1885ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதி தைப்பிங்குக்கும் இந்த ஊருக்கும் இடையே திறக்கப்பட்டது. ஈயத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டுவரப் போட்ட பாதை அது. அதைப் போட உழைத்தவர்களில் இலங்கையிலிருந்து வந்த தொழிலாளர் படையினர் இருந்தார்கள். ரயில் போய்விட்டது, பலகை நிற்கிறது. அதில் மற்ற எழுத்துகளோடு தமிழ் எழுத்தும் உண்டு.

பாதுகாப்பு

பலகையை விட்டு இறங்காதீர்கள். சேற்றின் ஆழம் பார்வைக்குத் தெரியாது.

கிளையை ஒடிக்காதீர்கள். இங்கே வளரும் மரங்களில் ஒன்றின் மலாய்ப் பெயர் பூத்தா-பூத்தா. குருடு என்பதிலிருந்து வந்த பெயர். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையைப் பாதிக்கும். தமிழில் இதே மரம்தான் தில்லை. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் வரக் காரணமான மரம்.

படகில் ஏறுமுன் மிதவைச் சட்டையை மாட்டி, வார்களை இறுக்கிக்கொள்ளுங்கள். கையில் பிடித்திருப்பது போட்டதாகாது.

இடி சத்தம் கேட்டால் படகுப் பயணம் கிடையாது. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மேற்குக் கரையில் பிற்பகல் இடிமழை அடிக்கடி வரும். வானிலைத் துறையின் முன்னறிவிப்பை முதல் நாள் இரவும் புறப்படும் காலையிலும் பாருங்கள். கட்டிய பணம் போகிறதே என்று யாரும் படகில் ஏறக்கூடாது.

முழுக்கைச் சட்டை, காலை மூடும் காலணி, தொப்பி, கொசு மருந்து, தண்ணீர் ஆகியவை வேண்டும். கொண்டுபோன குப்பையைத் திரும்பக் கொண்டுவருங்கள்.

நம் நாள் இப்படி அமையலாம்

மேலே போட்ட மாதிரி ஓதக் கணக்கை வைத்துப் பீடோரிலிருந்து ஒரு நாளைத் திட்டமிட்டால்:

காலை 6.15 — புறப்பாடு. ஈப்போ, தைப்பிங் வழி
9.00 — வந்து சேர்தல், பாதுகாப்பு விளக்கம்
9.15 முதல் 11.00 — நடைபாதையில் ஆய்வு
11.15 முதல் 12.30 — கரிச் சூளை
12.30 முதல் 1.30 — மதிய உணவு
2.00 முதல் 3.00 — படகுப் பயணம். வானம் இருண்டிருந்தால் கல்வி மையம்
3.15 — பெயர்ப் பலகை, பிறகு வீடு திரும்புதல்

தேதியை முதலில் முடிவு செய்துவிட்டு அட்டவணையைப் பார்க்காதீர்கள். அட்டவணையைப் பார்த்துத் தேதியை முடிவு செய்யுங்கள். மாவட்டக் கல்வி அலுவலக அனுமதி, பெற்றோர் சம்மதம், வனத்துறையிடம் முன்பதிவு மூன்றுக்கும் நாள் ஆகும். எனவே இரண்டு மாதம் முன்னதாகவே தொடங்குவது நல்லது.

ஏன் இவ்வளவு சிரமம்?

இந்தச் சேறுதான் இறால் குஞ்சும் மீன் குஞ்சும் வளரும் தொட்டில். கடலோரத்தில் கேராங் வளர்ப்பவர்களின் பிழைப்பு இதை நம்பி இருக்கிறது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நம் நாட்டில் 68 பேர் இறந்தார்கள். பேரலையைக் காடு முற்றாக நிறுத்திவிடாது. ஆனால் நெருக்கமான வேர்களும் தண்டுகளும் அலையின் வேகத்தைக் குறைக்கும். கரை அரிப்பைத் தடுக்கும். பார்க்காத ஒன்றைக் காப்பாற்ற யாருக்கும் தோன்றாது. அதனால்தான் நீங்கள் போய்ப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

அடுத்த ஆண்டு நான் மறுபடியும் போனேன். இந்த முறை அட்டவணையோடு. அந்த மாணவிக்கு நான் பணம் வாங்கவில்லை. அது என் கடன். காலை ஒன்பதரை மணி. சேறு பளபளத்தது. அவள் நடைபாதைக் கைப்பிடியைப் பிடித்துக் குனிந்து நின்றாள். வெகுநேரம் பேசவில்லை. பிறகு தாளில் எழுதத் தொடங்கினாள். ஒன்பது கேள்விக்கு விடை எழுதியிருந்தாள். பத்தாவது இடத்தில் அவளே ஒரு கேள்வி எழுதியிருந்தாள்: "தண்ணீர் ஏறும்போது இந்த நண்டெல்லாம் எங்கே போகும்?"

செய்து பாருங்கள்

1. பாக்காவ் மினியாக் நாற்றுகளை 1.2 மீட்டர் இடைவெளியில் வரிசையாக நட்டால் ஒரு ஹெக்டேருக்கு எத்தனை நாற்று தேவை? (ஒரு ஹெக்டேர் 10,000 சதுர மீட்டர்.)

2. மேலே உள்ள மாதிரி நாளில் காலை 9.10க்கு வற்றம். மூன்று நாள் கழித்து அந்த வற்றம் எத்தனை மணிக்கு வரும்?

3. சூளைக்குள் போனது 40 டன். வந்தது 10 டன். மீதி 30 டன் எங்கே போனது?

4. அந்த மாணவியின் கேள்விக்கு உங்கள் விடை என்ன?

விடைகள்: 1) 1.2 × 1.2 = 1.44, 10,000 ÷ 1.44 = ஏறக்குறைய 6,944 நாற்றுகள். 2) 3 × 50 = 150 நிமிடம்; காலை 11.40 அளவில். 3) பெரும்பகுதி நீராவியாகவும், மற்றவை வாயுக்களாகவும் புகையாகவும் வெளியேறின, கரியாக எஞ்சியது பெரும்பாலும் கார்பன். 4) இதற்கு நான் விடை தரப்போவதில்லை. நீர் ஏறத் தொடங்கும் நேரத்தைக் கணக்கிட்டு, நடைபாதையில் அரை மணி நேரம் அசையாமல் நின்று பாருங்கள்.